‘பின்’ போட்டோவுக்குப் பின்

எடைக் குறைப்பு விளம்பரங்களைக் கவனித்திருப்பீர்கள். ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு போட்டோ. முன்னதில் சிரிக்கக் கூடாதென்று சட்டம் போலிருக்கிறது.

பிரகாஷ் கோவெலமுடியின் ‘இஞ்சி இடுப்பழகி’ (2015) இந்த வியாபாரத்தைத் துணிந்து கிண்டலடித்த படம். அனுஷ்கா நிஜமாகவே எடை ஏற்றிக்கொண்டு நடித்தார். ஸ்லிம்மிங் கிளினிக்கை நம்பிய தோழிக்கு சிறுநீரகம் கெடுகிறது, நாயகி கொடி பிடிக்கிறாள். நல்லது. ஆனால் மோசடி எதுவுமில்லாமல், நல்ல டாக்டரிடம், தேவையான ஆபரேஷனை ஒழுங்காகச் செய்துகொண்டவரின் கதை? அதில் வில்லன் இல்லை. எனவே சினிமாவும் இல்லை.

அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். போடியில் ஏலக்காய் வியாபாரம். சுகர், மூட்டு வலி, தூக்கத்தில் மூச்சடைப்பு. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறித் தோட்டத்துக்குப் போனால், ஜீப்பை விட்டு இறங்காமலே கணக்குப் பார்ப்பார். வெளியூரில் ‘ஸ்லீவ்’ ஆபரேஷன் செய்துகொண்டார். இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டியெடுத்து, மிச்சத்தை ஒரு குழாயாக்கிவிடுவார்கள். ஒரே வருஷத்தில் சுகர் மாத்திரை நின்றது. ஏலச் செடிகளுக்கிடையே நடந்தார்.

ஊர் என்ன சொல்லிற்று? ‘என்னண்ணே, ஒடம்புக்கு முடியலையா?’ நம் பக்கத்தில் ஒருவர் இளைத்தால் ஒன்று வியாதி, இல்லாவிட்டால் கடன். பந்தியில் நாலு வாய்க்கு மேல் இறங்காது. ‘எங்க வீட்டுச் சாப்பாடு பிடிக்கலையாக்கும்!’ முதலில் பந்தியைத் தவிர்த்தார். அப்புறம் கல்யாணங்களையே. சந்தோஷமோ துக்கமோ, எதையும் சாப்பிட்டே தீர்த்துக்கொண்டவருக்கு அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

இது அவர் ஒருவர் விஷயமில்லை. ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய பெரிய ஆய்வில், இவர்களின் வாழ்க்கைத் தரம் முதல் வருஷம் உச்சத்துக்குப் போய், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஆறாம் வருஷவாக்கில் நிலைத்தது. அப்போதும் பலருக்குப் பழைய நிலையைவிட மேல்தான். அதனால் பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். ஆனால் கனடாவின் ஒன்டாரியோவில் 8,815 பேரைப் பின்தொடர்ந்து 2016-ல் வெளியான ஆய்வு, தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு அவசர சிகிச்சைக்கு வருவது ஆபரேஷனுக்குப் பின் ஒன்றரை மடங்கானதாகச் சொல்கிறது. நூற்றில் ஒருவர், இரண்டு பேர்தான். பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வருஷத்தில். அதாவது ‘பின்’ போட்டோ எடுத்து, ஃப்ரேம் போட்டு மாட்டிய பிறகு.

ஆபரேஷனுக்கு முன் மனநல டாக்டர் ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பின்னால் கூப்பிட்டு விசாரித்ததெல்லாம் எடையையும் வைட்டமினையும்தான். ‘ராத்திரி தூங்குறீங்களா?’ என்று ஒருத்தரும் கேட்கவில்லையாம். பக்கத்திலேயே கானாவிலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறதே, மனநலப் பிரிவுக்குப் போகலாமே என்றேன். ‘ஆராச்சும் பாத்துட்டா?’

போன மாசம் போய்விட்டு வந்திருக்கிறார். வீட்டில் தேனிக்கு வசூலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு.