இது அவரு கை இல்ல

போன மாதம் பள்ளிக்கூட நண்பன் ஒருவன் பழைய கேசட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். காசிமேட்டில் ஒரு சாவு வீட்டில் விடிய விடிய நடந்த கானா. டோலக் வாசிப்பது அவன் அப்பா. அவர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நினைவு நாளில் போட வேண்டும். "கொஞ்சம் க்ளீன் பண்ணி தாளத்த டைட் பண்ணிக் குடு மச்சி" என்றான்.

பண்ணினேன். கணினியில் ஏற்றி, மென்பொருளே அடிகளைக் கண்டுபிடிக்க விட்டு, எல்லாவற்றையும் கட்டத்தில் பொருத்தி, இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. திருவொற்றியூரில் அவன் வீட்டுக்குப் போய்ப் போட்டேன். அவன் அம்மா பாதி பாட்டு கேட்டுவிட்டு, "பாட்டு நல்லா கீது தம்பி. ஆனா இது அவரு கை இல்ல" என்றார்.

அம்மா சொன்னது சரியா என்று கோப்பைத் திறந்து பார்த்ததில் கிடைத்தவைதான் இந்தக் குறிப்பு.

தெரியாதவர்களுக்கு: ஒலிப்பதிவு மென்பொருள் எதுவானாலும், லாஜிக், புரோ டூல்ஸ், ஏபிள்டன், கியூபேஸ் எல்லாவற்றிலும், சத்தம் திடீரென்று எழும் இடங்களில் ஒரு கோடு போடும் வசதி உண்டு. ஒன்றில் டிரான்சியன்ட் மார்க்கர், இன்னொன்றில் ஈவன்ட் மார்க்கர், கியூபேஸில் ஹிட்பாயின்ட். பெயர்தான் வேறு. அந்தக் கோட்டைப் பிடித்துத்தான் தாளத்தை இழுக்கவோ சுருக்கவோ செய்கிறது. கோடு தப்பினால் இழுப்பதும் தப்பும்.

கோடு ஏன் தப்புகிறது? மென்பொருள் பொதுவாக ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் ஆற்றல் எவ்வளவு கூடியது என்று பார்க்கிறது. நொடிக்கு 48,000 சாம்பிள் பதிவில் 1024 சாம்பிள் துண்டு என்றால் சுமார் 21 மில்லி நொடி. கூர்மையான விரல் அடிக்கு இது போதும். டோலக்கின் பேஸ் பக்கத்துக்குப் போதாது. 80 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்று சுற்றவே 12.5 மில்லி நொடி ஆகிறது. அது எழுந்து நிற்பதற்குள் கை விழுந்த நேரம் கடந்துவிடும். உள்ளங்கையைத் தோலில் தேய்த்து எழுப்பும் அந்த வளைவான 'கூம்' இருக்கிறதே, அதற்குத் தொடக்கம் என்று ஒரு புள்ளியே கிடையாது. என் கோப்பில் அப்படிப்பட்ட இடங்களில் பாதிக்கு மேல் கோடே இல்லை. இருந்தவை தேய்ப்பு முடியும் இடத்தில் இருந்தன.

அப்புறம் எண்ணூர் பக்கம் போகும் கன்டெய்னர் லாரிகள். ஏர் பிரேக் 'புஸ்' என்று விடும்போது எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே நேரத்தில் ஆற்றல் எகிறுகிறது. மென்பொருளுக்கு அதைவிட அழகான அடி கிடையாது. ஆக லாரி பிரேக்கைத் தாளத்தில் பொருத்துவதற்காக டோலக்கை நகர்த்தியிருக்கிறேன்.

ஆனால் பெரிய தப்பு குரலில்தான். 'சாவு' என்று பாடகர் எடுக்கிறார் என்று வையுங்கள். நம்ம ஊர்ப் பேச்சில் அந்த 'ச' ஒரு சீறல். கோடு சீறலின் தொடக்கத்தில் விழும். ஆனால் கேட்பவர் காதுக்கு அடி விழுவது சீறலில் இல்லை, 'ஆ' திறக்கும் இடத்துக்குப் பக்கத்தில். மார்ட்டன், மார்க்கஸ், ஃப்ராங்கிஷ் மூவரும் 1976-லேயே இதை 'பி-சென்டர்' என்று பெயரிட்டு எழுதிவிட்டார்கள். சீறல் 100 மில்லி நொடி நீண்டால், அதன் தொடக்கத்தைத் தாளத்தில் பொருத்தியதும் 'ஆ' 100 மில்லி நொடி பிந்திவிடுகிறது. பாடியவர் சரியான நேரத்தில்தான் பாடினார், நான்தான் அவரைப் பிந்த வைத்தேன். 'ம', 'ய' மாதிரி மெதுவாக எழும் எழுத்துகளில் நேர்மாறு: கோடே விழவில்லை.

இதை அல்காரிதத்தின் குறை என்று மட்டும் சொல்ல எனக்கு மனசில்லை. பெய்யோவும் கூட்டாளிகளும் 2005-இல் எழுதிய ஆன்செட் கண்டறிதல் கட்டுரையே எல்லா இசைக்கும் பொருந்தும் ஒரே முறை இல்லை என்கிற தொனியில்தான் போகிறது. என் புகார் திரை வடிவமைப்பு மேல். நூறு சதவீதம் உறுதியான கோடும் குத்துமதிப்பான கோடும் ஒரே தடிமனில், ஒரே நிறத்தில் வரையப்படுகின்றன. ஒரு கம்பைலர் கூட 'வார்னிங்' என்று தனியாகச் சொல்கிறது. இங்கே அது கூட இல்லை.

சரிசெய்தது இப்படி. முதலில் உணர்திறனைக் குறைத்து, சந்தேகக் கோடுகளை மொத்தமாகக் கழித்தேன். மிச்சத்தை ஒவ்வொன்றாக, அந்த ஒரு அடியை மட்டும் சுழலவிட்டுக் கேட்டு நகர்த்தினேன். கண்ணை நம்பவில்லை. குரலில் கோட்டை உயிரெழுத்துக்குத் தள்ளினேன். இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று: கோட்டை நகர்த்துவதும் ஒலியை நகர்த்துவதும் வேறு வேறு. புரோ டூல்ஸில் அனாலிசிஸ் காட்சியில் இருந்தால்தான் கோடு மட்டும் நகரும். வார்ப் காட்சியில் இழுத்தால் ஒலியே இழுபடும். லாஜிக்கிலும் ஃபிளெக்ஸ் மார்க்கர் வேறு, கோப்பிலேயே சேமிக்கப்படும் டிரான்சியன்ட் மார்க்கர் வேறு. ஒரு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தேன்.

எல்லாம் திருத்திய பிறகு கட்டத்தில் பொருத்தும் பொத்தானை அழுத்தவில்லை. கேசட் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும், ஆனால் பழைய டேப் ரிக்கார்டரில் அது மூச்சு மாதிரி ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் சமன் செய்தேன். கட்டத்துக்கு நான் எதிரி இல்லை. 2018-இல் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மாதிரி கானாவையும் ராப்பையும் கிட்டாரையும் சேர்க்கும் குழு கிளிக் வைத்து வாசித்தால் அது அவர்கள் தேர்வு. சாவு வீட்டில் பாடகர் ஒரு வரியை இழுக்கும்போது டோலக் காத்திருப்பதும், அழுகை கூடும்போது அது முந்துவதும் வேறு கணக்கு. 'டைட்' என்ற சொல்லை அங்கே கொண்டுபோனது என் தப்பு.

இரண்டாம் முறை போட்டபோது அம்மா கண்ணை மூடிக் கேட்டார். நடுவில், "லாரிக்காரன் ஹாரன் அடிச்சதுக்கு வாசிக்கிறத நிறுத்திட்டு ஒரு ஏச்சு ஏசுனாரே, அது கீதா?" என்று கேட்டார். இருந்தது. முதல் பதிப்பில் அதைத்தான் இரைச்சல் என்று வெட்டியிருந்தேன்.