'நைஸ்' என்னும் சொல்

ஆங்கிலத்தில் நாள்தோறும் வழங்கும் 'நைஸ்' என்னும் பெயரடையின் வரலாறு வியப்புக்குரியது. 'அறியாத' எனப் பொருள்படும் 'நெஸ்கியுஸ்' என்ற இலத்தீன் சொல்லே அதன் வேர். பழைய பிரெஞ்சு வழியாக 1300ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்தில் புகுந்தபோது, இஃது அறிவிலியைச் சுட்டும் வசைச்சொல்லாகவே இருந்தது. பின்னர், 'எளிதில் நிறைவு கொள்ளாத', 'நுண்ணிய' என்னும் பொருள்களை ஏற்றது. 'இனிய' என்ற பொருள் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. நறுமணத்தைக் குறித்த நம் 'நாற்றம்' இழிபொருள் எய்தியது; இச்சொல்லோ இழிபொருளினின்று உயர்ந்தது.

மொழிபெயர்ப்போர் இதனை மறத்தலாகாது. ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தில் ஒரு பூசலுக்கு இவ்வடை வருகின்றது. ஆங்கு 'அற்பமான' என்பதே பொருள். 'இனிய பூசல்' என்று பெயர்த்தால் நகைப்புக்கே இடமாகும். நூல் எழுந்த காலத்தை நோக்கிய பிறகே அகராதியை நோக்குதல் வேண்டும்.

உயர்ந்த சொல் உரமிழந்ததும் உண்டு. 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'நார்தாங்கர் ஆபி' நாவலில், ஒரு நூலை 'நைஸ்' என்று புகழும் கேதரினை ஹென்றி டில்னி எள்ளி நகையாடுகிறான். நாளும் நைஸ், நடையும் நைஸ், நங்கையரும் நைஸ் என்றால், அச்சொல் எதைத்தான் விளக்கும்?

இவ்வினா நம் மதிப்புரையாளர்க்கும் உரியது. 'அருமை' என்று எழுதி முடிப்பது எளிது. எது அருமை, ஏன் அருமை என உரையாத பாராட்டு, நூலாசிரியர்க்கும் பயன்படாது, வாசகர்க்கும் பயன்படாது.