வேளாண் வளர்ச்சித் திட்டங்களை மதிப்பிடுதல்: தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் ஒரு பார்வை

வெளிநாட்டு நிதியுதவியுடன் நடைபெறும் வேளாண், ஊரக வளர்ச்சித் திட்டம் எதிர்பார்த்த பயனைத் தந்ததா என்று ஆராய்ந்து கூறுவது திட்ட மதிப்பீடு எனப்படும். நிதி வழங்கும் நிறுவனம் ஒரு நாட்டில் செய்த பணிகள் அனைத்தையும் சேர்த்து ஆராய்வது நாட்டுத் திட்ட மதிப்பீடு ஆகும். இவற்றின் பயனையும் குறைகளையும் அறிய, தருமபுரி மாவட்டத்தில் 1989-இல் தொடங்கிய தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தக்க எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம் (ஐஃபாட்) ஐக்கிய நாடுகள் அவையின் சிறப்பு நிறுவனங்களுள் ஒன்று. 1974-இல் கூடிய உலக உணவு மாநாட்டின் விளைவாக 1977-இல் இது தோன்றியது. தலைமையகம் ரோம் நகரில் உள்ளது. இதன் கடனுதவியுடன் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் இத்திட்டத்தை நடத்தியது. தொண்டு நிறுவனங்கள் ஊர்தோறும் பெண்களைச் சுய உதவிக் குழுக்களாகத் திரட்டின. இந்தியன் வங்கி கடன் வழங்கியது. திட்டம் பின்னர் சேலம், தென்னார்க்காடு, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளுக்கும் விரிந்தது.

மதிப்பிடும் முறை

பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பின் உதவிக் குழு 1991-இல் பொருத்தம், பயன்விளைவு, செயல்திறன், தாக்கம், நீடிப்பு என ஐந்து அளவுகோல்களை வகுத்தது. 2019-இல் இசைவு என்பதும் சேர்க்கப்பட்டது. ஐஃபாட் மதிப்பீட்டாளர்கள் ஒவ்வோர் அளவுகோலுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண் இடுகின்றனர். 4-உம் அதற்கு மேலும் நிறைவானவை எனக் கொள்ளப்படும். ஆகவே 3-க்கும் 4-க்கும் இடைப்பட்ட கோடு தேர்ச்சிக் கோடு போன்றது. திட்டத்தை நடத்தியவர்கள் அதிகம் வாதாட இடமுள்ளதும் அந்த இடத்தில்தான். இதனால் ஐஃபாட்டின் மதிப்பீட்டு அலுவலகம் 2003 முதல் நிர்வாகத்தின் கீழ் இல்லாமல் நேரடியாகச் செயற்குழுவுக்கே அறிக்கை அளிக்கிறது. தேர்வு எழுதியவரே விடைத்தாளைத் திருத்தக் கூடாது என்பதே இதன் அடிப்படை.

எண்ணிக்கை சொல்லாதவை

குழுக்கள் எத்தனை, சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு திரும்பியது என்பவை எளிதில் கிடைக்கும் கணக்குகள். ஆனால் இவை தாக்கத்தைக் காட்டுவதில்லை. குழுக் கடனில் ஒரு பெண் கறவை மாடு வாங்குகிறார் எனக் கொள்வோம். தவணை முழுவதும் கட்டப்பட்டதாகப் பதிவேடு சொல்லும். அந்தப் பணம் பால் விற்று வந்ததா, கூலி வேலையில் வந்ததா, வட்டிக்கு வாங்கிக் கட்டியதா என்பதைப் பதிவேடு சொல்லாது. 2010-இல் ஆந்திரப் பிரதேசத்தில் வெடித்த நுண்கடன் நெருக்கடி இதற்குச் சான்று. அதற்கு முன்புவரை அங்கே கடன் நிறுவனங்களின் வசூல் விகிதம் மிக உயர்ந்தே இருந்தது.

அடுத்த சிக்கல், மாற்றத்துக்கு எது காரணம் என்பது. திட்டம் தொடங்கிய அதே 1989-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்தம் மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் சம உரிமை அளித்தது. 1996 உள்ளாட்சித் தேர்தலில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஒரு பெண் கிராம சபையில் எழுந்து பேசினால், அதில் குழுவின் பங்கு எவ்வளவு, சட்டத்தின் பங்கு எவ்வளவு? தொடக்கத்திலேயே குழுவில் சேர்ந்தோர், சேராதோர் இரு சாராரின் நிலையையும் கணக்கெடுத்திருந்தால்தான் இதற்கு ஓரளவேனும் விடை கூற முடியும்.

மூன்றாவது, விடுபட்டோர். வாரந்தோறும் சேமிக்க இயலாத பரம ஏழைகளும், பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் செல்வோரும் குழுவில் சேருவது அரிது. மதிப்பீட்டாளர் வரும் நாளில் கூட்டத்துக்கு வந்து பேசுவோர் பெரும்பாலும் ஊக்குநரும் பிரதிநிதியுமே. வராதவர் வீட்டுக்குச் சென்று கேட்காத மதிப்பீடு பாதிக் கதையையே கூறும்.

பொருத்தமும் காலமும்

ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடலோர மக்களுக்காக ஐஃபாட் 2005-இல் ஒப்புதல் அளித்த வாழ்வாதாரத் திட்டம் 2007-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் அவசர நிவாரணக் கட்டம் கடந்து, வணிகரிடம் பட்ட கடனிலிருந்து மீள்வதும் மீனுக்கு நியாய விலை பெறுவதும் முதன்மைத் தேவைகளாயின. வடிவமைத்த நாளின் தேவையை மட்டும் வைத்துப் பொருத்தத்தை அளந்தால் மதிப்பீடு பிழைபடும்.

நாட்டு அளவில்

ஐஃபாட் இந்தியாவுக்கான நாட்டுத் திட்ட மதிப்பீடுகளை 2010-இலும் 2016-இலும் வெளியிட்டது. இந்திய அரசு ஊரக வளர்ச்சிக்குச் செலவிடும் தொகையோடு ஒப்பிட்டால் ஐஃபாட் தரும் கடன் சிறிது. எனவே நாட்டளவில் கேட்க வேண்டிய கேள்வி, அது காட்டிய வழியை அரசு தன் பணத்தில் தொடர்ந்ததா என்பதே. இவ்வகையில் தருமபுரித் திட்டம் சிறந்த வெற்றி. 1997-98-இல் மாநில அரசு தொடங்கிய மகளிர் திட்டம் அதன் தொடர்ச்சி. இன்று ஆதம்பாக்கம் போன்ற சென்னைப் பகுதிகளிலும் சுய உதவிக் குழு என்பது அன்றாடச் சொல்.

மதிப்பீடு

ஒரு முறை பரவியது என்பது அது ஏழைகளின் வருமானத்தை உயர்த்தியது என்பதற்குச் சான்றாகாது. தருமபுரித் திட்டம் பெண்களுக்கு வங்கியின் கதவைத் திறந்தது. இதை மறுக்க இயலாது. வறண்ட நிலத்தில் விளைச்சலையும் வருமானத்தையும் நிலையாக உயர்த்தியதா என்பது வேறு கேள்வி. அதற்குத் தனி அளவீடு வேண்டும். இரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் அடக்கும் அறிக்கை, அடுத்த திட்டத்தை வகுப்போருக்குச் சிறிதே உதவும். மாணவர்கள் இத்தகைய அறிக்கைகளைப் படிக்கும்போது மதிப்பெண்ணுக்கு முன், யாரிடம் கேட்டார்கள், எதனுடன் ஒப்பிட்டார்கள், திட்டம் முடிந்து எத்தனை ஆண்டுகள் கழித்துப் பார்த்தார்கள் என்பவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும்.