பத்தாண்டும் ஓரிரவும்

தேர்தல் விஞ்ஞாபனங்களை விமர்சகர் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், கோடிக்கணக்கானோரின் வாழ்வைத் தீண்டும் எழுத்து அதுவே. 2019 இல் கோட்டாபய ராஜபக்ச முன்வைத்த ‘சுபீட்சத்தின் நோக்கு’, நெற்செய்கையாளருக்கு இலவசப் பசளையும், பத்தாண்டுகளிற் படிப்படியாகச் சேதன விவசாயமும் வாக்களித்தது. 69 இலட்சம் பேர் அவரைத் தெரிந்தனர். 2020 இல் அவருடைய கட்சி 225 ஆசனங்களில் 145 ஐ வென்றது.

2021 மே மாதத்தில் வெளிவந்த வர்த்தமானி அப்பத்தாண்டை ஓரிரவாகச் சுருக்கிவிட்டது. இரசாயனப் பசளையின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை தளர்ந்தபோது பெரும்போக விதைப்புக் காலம் கடந்துகொண்டிருந்தது. அவரது கோட்டையாக விளங்கிய சிங்களக் கிராமங்களிலேயே விவசாயிகள் வீதிக்கு இறங்கினர். 2022 யூலையில் அவர் பதவி துறந்தார். 2024 இல் அவரது கட்சிக்கு எஞ்சியவை 3 ஆசனங்கள். கடன் நெருக்கடியும் எரிபொருட் பஞ்சமும் இவ்வீழ்ச்சிக்குப் பெருங் காரணங்கள். எனினும் கிராமத்தின் நம்பிக்கை முதலில் முறிந்தது வயலிலேயே.

யாழ்ப்பாணமோ 2019 இல் அவரை ஏற்கவில்லை. ஐந்தில் நான்கு பங்கினருக்கு மேல் சஜித் பிரேமதாசவுக்கே வாக்களித்தனர். ஆயினும் தடை வாக்குச் சீட்டைப் பார்த்து வரவில்லை. வெங்காயமும் புகையிலையும் உருளைக்கிழங்கும் பயிரிடும் வலிகாமத்துக் கமக்காரனையும் அது வாட்டியது.

இங்கேதான் நாம் ஆழ்ந்து நோக்கவேண்டும். நம் சுண்ணாம்புக்கற் பாறையினூடே பசளையின் நைத்திரேற்று கிணற்று நீரிற் கலக்கிறது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில், குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையை அது தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே தீர்க்கப்பட வேண்டிய நோய் மெய்யானது; ஆனால் மருந்தின் முழு விலையையும் ஏழை உழவனே செலுத்தவேண்டும் என்பதுதான் அநீதி. குழை தாழ்த்தியும் மாட்டெருவிட்டும் மண்ணைப் பேணிய மரபினன் அவன். அவனைச் சூழலின் பகைவன் என்பது அறியாமை.

ஓரிரவுத் தடையின் நீடித்த தீங்கு, ‘சேதனம்’ என்ற நற்சொல்லே அவன் செவிக்கு நாராசமானதாகும். இனி வாக்குக்கு அஞ்சும் அரசியல்வாதி கிணற்றைப் பற்றி வாய் திறவான். நஞ்சோ நிலத்தடியில் தொடர்ந்து இறங்கும்.

2024 இல் யாழ் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 ஐத் தேசிய மக்கள் சக்திக்கு அளித்த மக்கள், அதனிடமும் தமிழ்க் கட்சிகளிடமும் ஒன்றையே கேட்கவேண்டும்: மாற்றத்துக்கான காலம் எவ்வளவு? இடைக்கால இழப்பை ஏற்பவர் யார்? இதற்கு விடையளிக்காத சூழற்கொள்கை மண்ணையும் காவாது, மக்களையும் காவாது.