மீன் குழம்பும் கணவாய் டெவலும்: இரு கரைகளில் குடும்பச் சாப்பாடு

தமிழகத்தின் கரையோர ஊர்களில் குடும்பத்தோடு மீன் சாப்பிட வெளியே போவதென்றால் அது பெரும்பாலும் ஞாயிறு மதியம். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் அதே குடும்பம் அந்தி சாய்ந்த பிறகுதான் புறப்படுகிறது. நேரம் மாறுவதற்குக் காரணம் தட்டில் விழும் உணவு. தமிழகத்தார் வீட்டில் வைக்கும் மீன் குழம்பையே இன்னொரு கைப்பக்குவத்தில் தேடிப் போகிறார்கள். இலங்கைத் தமிழர் வீட்டில் செய்யாத ஒன்றைச் சாப்பிடத்தான் போகிறார்கள். ராமேஸ்வரத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மீன் தருவது ஒரே கடல் என்பதால் இந்த வேறுபாடு கவனிக்கத் தக்கது.

தமிழகத்தில் இந்தச் சாப்பாட்டின் வீடு ‘மெஸ்’. இலை போட்டு, சோறு வைத்து, மீன் குழம்பு, நண்டுக் குழம்பு, ரசம், மோர் என்று கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். இவை எல்லாம் சாப்பாட்டு விலைக்குள் அடங்கும். பல மெஸ்களில் அந்தக் குழம்பில் மீன் துண்டு இருக்காது. துண்டுக்குத் தனி விலை. அதற்காகவே பரிமாறுபவர் ஒரு பெரிய தட்டை ஏந்தி வருகிறார். வஞ்சிர வறுவல் துண்டுகள் வரிசையாக, ஓரத்தில் முழுச் சங்கரா, சிறு தட்டுகளில் நெத்திலி, இறால் தொக்கு, சுறாப்புட்டு. குடும்பத்தின் பட்ஜெட் முடிவாவது இந்தத் தட்டின் முன்னால்தான். குழந்தைக்கு வஞ்சிரம், தாத்தாவுக்குச் சுறாப்புட்டு, மற்றவர்களுக்கு நெத்திலி ஒரு பிளேட்டைப் பகிர்ந்துகொள்வது என்று அம்மா கணக்குப் போட்டுவிடுவார். சோறும் குழம்பும் அளவில்லாதவை என்பதால், இரண்டு துண்டு மீனை வைத்து ஐந்து பேர் வயிறார எழுந்துவிட முடிகிறது. சிக்கனமான குடும்பத்துக்கு மெஸ் செய்யும் பெரிய உதவி இதுவே.

இலங்கையின் சாப்பாட்டுக்கடையில் கணக்கு வேறு. மரக்கறிச் சாப்பாடு, மீன் சாப்பாடு, கோழிச் சாப்பாடு என்று முதலிலேயே பிரிந்திருக்கும். மீன் சாப்பாடு என்றால் துண்டு விலைக்குள்ளேயே வந்துவிடும். சிவப்பரிசியா வெள்ளையரிசியா என்று கேட்டு, பீங்கான் தட்டின் மேல் ஒரு தாளை விரித்துச் சோறு போடுவார்கள். அதைச் சுற்றிப் பருப்பு, ஏதாவதொரு கீரை, சம்பல், அப்பளம், நடுவில் மீன் துண்டு. 2017 செப்டெம்பரில் பொலித்தீன் சோற்றுத்தாள் தடைசெய்யப்பட்ட பிறகு மக்கும் தாள் வந்தது. தாள் விரிக்கும் வழக்கம் மட்டும் போகவில்லை. இந்தத் தட்டு பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்களின் மதிய உணவு. பார்சலாக அலுவலகத்துக்கும் போகும். இதற்காக யாரும் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வருவதில்லை. இதைவிட நல்ல மீன் கறி வீட்டிலேயே இருக்கிறது என்பது யாழ்ப்பாணத்து அம்மாக்களின் உறுதியான எண்ணம், அதில் உண்மையும் உண்டு.

குடும்பம் வருவது இரவில், கொத்துரொட்டிக்கும் ஃபிரைட் ரைஸுக்கும். தகட்டின் மேல் இரண்டு இரும்புத் தகடுகள் ரொட்டியை வெட்டும் தாளம் தெருமுனை வரை கேட்கும். ‘ஒரு இறால் ஃபிரைட் ரைஸ், ஒரு கணவாய் டெவல், பிள்ளைக்கு உறைப்புக் குறைச்சு’ என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பார்கள். டெவல் என்பது கணவாயையோ இறாலையோ வெங்காயம், கறிமிளகாய், தக்காளி சோஸோடு பெருந்தீயில் புரட்டி எடுப்பது. அதற்குரிய தீ வீட்டு அடுப்பில் எழும்பாது. வெளியே போவதற்கு அது போதிய காரணம். சில கடைகளில் அதற்குமுன் ஒரு தட்டு நிறைய மீன் ரோல்ஸ், கட்லட், பற்றிஸ் கொண்டுவந்து மேசையில் வைத்துவிடுவார்கள். இவற்றுக்குச் சோட் ஈட்ஸ் என்று பெயர். எழும்பும்போது எத்தனை குறைந்திருக்கிறதோ அத்தனைக்குத்தான் காசு. பிள்ளைகளின் கை அந்தத் தட்டுக்குப் போவதையும் பெற்றோரின் பார்வை அதன் பின்னால் போவதையும் எந்தக் கடையிலும் காணலாம்.

முள்ளும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. வஞ்சிரத் துண்டில் நடுமுள்ளை எடுத்துவிட்டால் பயமில்லாமல் குழந்தைக்குக் கொடுக்கலாம். தமிழகத்தில் அதற்கு அத்தனை விலை கொடுக்க இதுவும் ஒரு காரணம். இதே மீன் தூத்துக்குடியில் சீலா, யாழ்ப்பாணத்தில் அறுக்குளா. இலங்கைக் குடும்பம் இறாலும் கணவாயும் கேட்டு முள்ளின் தொல்லையையே விட்டுவிடுகிறது.

ஒரு கரையைச் சேர்ந்தவர் மறு கரைக் கடையில் உட்கார்ந்தால் முதலில் இடறுவது சொல்லில். தமிழகத்தில் ‘கறி’ என்றால் இறைச்சி. இலங்கையில் கத்தரிக்காயும் கறிதான், காய்கறிக்கே மரக்கறி என்றுதான் பெயர். யாழ்ப்பாணத்தில் ‘பொரியல்’ கேட்டால் எண்ணெயில் பொரித்த மீன் வரும்; சென்னையில் பீன்ஸோ முட்டைக்கோஸோ வரும். தமிழகத்துச் சுறாப்புட்டுக்கு உறவான பண்டம் அங்கே சுறா வறை. அதில் தேங்காய்ப்பூ கூடுதல்.

குழம்பின் அடித்தளமும் வேறு. சென்னை மீன் குழம்பைப் புளியும் மிளகாயும் நல்லெண்ணெயும் நடத்துகின்றன. தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் போகப் போக அரைத்த தேங்காய் சேர்கிறது. யாழ்ப்பாணத்தில் வறுத்து இடித்த மிளகாய்த்தூளும் பழப்புளியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து நிறத்தையும் தடிப்பையும் தருகின்றன. சோற்றோடு தனியாக ஒரு சொதியும் வரும். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் உறவினர்கள் கடையில் கேட்பது நண்டுக் கறியையும் ஒடியல் கூழையும். பனங்கிழங்கு மாவில் மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டுக் காய்ச்சும் கூழ், முற்றத்தில் சுற்றமெல்லாம் கூடியிருந்து பனையோலைப் பிளாவில் குடிப்பதற்கு உரியது. கடையில் கோப்பையில் வரும்போது சுவை தப்புவதில்லை, கூட்டம்தான் குறைகிறது.

இன்னும் குறைந்த செலவில் கடற்கரை இருக்கிறது. சென்னை மெரினாவில் சிவந்த மசாலா பூசிய மீன்களை அடுக்கி வைத்திருப்பார்கள். காட்டியதை எடுத்துக் கல்லில் போட்டு வறுத்து, வெங்காயம், எலுமிச்சையோடு தருவார்கள். கொழும்பு காலிமுகத்திடலில் அந்த இடம் இறால் வடைக்கு. தட்டையான பருப்பு வடையின் மேல் தோலோடு இறால்கள் பதிந்திருக்கும். இந்த இரண்டு இடங்களிலும் குடும்பம் நின்றுகொண்டே சாப்பிட்டுவிடும்.

விலை ஏறுவதற்கும் இரு கரையிலும் வெவ்வேறு காரணங்கள். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்ய விடும் அவகாசம் அது. நாட்டுப்படகு மீனும் மேற்குக் கரையிலிருந்து வரும் மீனும் சந்தையை ஓரளவு தாங்கினாலும் வஞ்சிரம் எட்டாத விலைக்குப் போகும். மெஸ் தட்டில் சிறுமீன் கூடும். இலங்கையில் அலைக்கழிப்பவை பருவக்காற்றும் எரிபொருளும். அங்கே சிறுபடகுகள் பல மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. 2022 ஆகஸ்டில் அதன் விலை லிட்டருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே தாவாக ஏறியபோது தொழிலுக்குப் போவதே கேள்வியானது. அதே ஆண்டில் சமையல் எரிவாயுத் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, வெளியே சாப்பிடுவதைப் பல குடும்பங்கள் முதலில் கைவிட்டன.

பில்லிலும் வேறுபாடு உண்டு. இந்தியாவில் சாதாரண உணவகங்களுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. மிகச் சிறிய மெஸ்கள் அந்த வரிக்குள் வருவதில்லை. இலங்கையில் சற்று வசதியான உணவகமானால் 10 சதவீதச் சேவைக் கட்டணம் சேரும். விலைப்பட்டியலைப் பார்த்து வந்த குடும்பம் எழும்பும்போது அதைக் கவனிக்கும்.

மீன் கடைகள் ஆளில்லாமல் இருக்கும் நாள்களும் உண்டு. தமிழகத்தில் புரட்டாசி வந்தால் பல வீடுகளில் மீன் வாசம் நின்றுவிடும்; சந்தையில் விலை இறங்கும், மெஸ்ஸில் இடம் சுலபமாகக் கிடைக்கும். யாழ்ப்பாணத்தில் அந்த இடத்தில் இருப்பது நல்லூர்த் திருவிழா. அந்த 25 நாளும் பல இந்துக் குடும்பங்கள் மச்சம் (மீன், இறைச்சி) தொடுவதில்லை. திருவிழா முடிந்த கையோடு சின்னக்கடைச் சந்தையில் மறுபடி கூட்டம் கூடும். அன்று வாங்குகிற மீன் வீட்டுச் சட்டிக்குத்தான் போகும். கடைப் பக்கம் போவது அதற்குப் பிறகு ஓர் இரவில்.