பல்சுவை நேரத்தில் நியூ ஆர்லியன்ஸ்

1930களிலும் 40களிலும் அமெரிக்க வானொலியின் மாலைப் பொழுதை ஆண்டவை பல்சுவை நிகழ்ச்சிகள். அரை மணியோ ஒரு மணியோ நேரம். பெயர் பெற்ற ஒரு தொகுப்பாளர், நகைச்சுவைத் துணுக்குகள், ஒரு பாடகி, விருந்தினராக ஒரு திரைப்பட நடிகர், நடுநடுவே ஈஸ்ட்டுக்கும் பாலாடைக்கட்டிக்கும் பெட்ரோலுக்கும் விளம்பரம். இந்த நெரிசலில் ஜாஸுக்கு மூன்று நான்கு நிமிடம் ஒதுங்க இடம் கிடைத்தது. அதிலும் பெரும்பகுதி நடனக் கூடங்களை நிறைத்த ஸ்விங் குழுக்களுக்கே போயிற்று. அதற்கு முந்தைய தலைமுறையின் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் எப்போதாவதுதான் உள்ளே வந்தது. டிரம்பெட் மெட்டைப் பிடித்துக்கொள்ள, கிளாரினெட் அதைச் சுற்றிப் படர, டிராம்போன் அடியில் தாங்க, எல்லோரும் ஒரே நேரத்தில் மனோதர்மமாக வாசிக்கும் இசை அது. 1917இல் முதல் ஜாஸ் இசைத்தட்டைத் தந்த ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் கூட, 1936இல் மறுபடி ஒன்று கூடியபோது எட் வின் என்ற நகைச்சுவை நடிகரின் நிகழ்ச்சியில்தான் நாட்டுக்கு முகம் காட்டியது.

ஜாஸ் வரலாறு பெரும்பாலும் இசைத்தட்டுகளைச் சான்றாக வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. பழைய பாணி ஜாஸைப் பொறுத்தவரை இது போதாது என்பது என் கருத்து. 1942 ஆகஸ்ட் 1 முதல், ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையிலான அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம் இசைத்தட்டு நிறுவனங்களுக்கு வாசிக்க மறுத்து வேலைநிறுத்தம் செய்தது. டெக்கா 1943இல் உடன்பாட்டுக்கு வந்தது. விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் வரை இழுத்தடித்தன. நேரடி வானொலிக்கு இந்தத் தடை கிடையாது. அந்த இரண்டாண்டு இசை எப்படி ஒலித்தது என்று அறிய, ஒலிபரப்பாகும்போதே அரக்குத் தட்டுகளில் வெட்டி எடுக்கப்பட்ட பதிவுகள்தான் முக்கிய ஆதாரம். போர்க்காலத்தில் அலுமினியம் கிடைக்காததால் அந்தத் தட்டுகளில் பல கண்ணாடியில் செய்யப்பட்டன. கைதவறினால் ஒரு மாலையே போய்விடும்.

வரிசைப்படி பார்த்தால் முதலில் நிற்பவர் லூயி ஆம்ஸ்ட்ராங். 1937 வசந்தத்தில், ஆறாம் ஜார்ஜின் முடிசூட்டு விழாவையொட்டி ரூடி வாலி இங்கிலாந்து போனார். அவர் நடத்திவந்த ஃப்ளைஷ்மன் ஈஸ்ட் நிகழ்ச்சி சில வாரங்களுக்கு ஆம்ஸ்ட்ராங் கைக்கு வந்தது. விளம்பரதாரர் ஆதரவில் நாடு முழுவதும் ஒலிபரப்பான பல்சுவை நிகழ்ச்சி ஒன்றைக் கறுப்பினக் கலைஞர் நடத்தியது அதுவே முதல்முறை. பின்னால் இருந்த லூயி ரஸ்ஸல் குழு அளவில் பெரியது, பாணியில் ஸ்விங். ஆனால் ஹென்றி ‘ரெட்’ ஆலன், பாப்ஸ் ஃபாஸ்டர், பால் பார்பரின் என்று அதன் முதுகெலும்பாக இருந்தவர்கள் நியூ ஆர்லியன்ஸ் மண்ணின் பிள்ளைகள். வசனமோ, கறுப்பினத்தவரின் பேச்சைக் கேலிப்பொருளாக்கும் பழைய மேடை மரபில் எழுதப்பட்டிருந்தது. அந்த வசனம் முடிந்த கையோடு டிரம்பெட்டை எடுத்து அவர் வாசிக்கும் வேகத்தைக் கேட்டால் மனம் பதறுகிறது. பதிவுகளை ஆம்ஸ்ட்ராங்கே பத்திரப்படுத்தி வைத்திருந்தார். 2008இல் அவை குறுந்தகடாக வெளிவந்தன.

1940 பிப்ரவரியில் என்.பி.சி.யின் ப்ளூ வலைப்பின்னலில் ‘சேம்பர் மியூசிக் சொசைட்டி ஆஃப் லோயர் பேசின் ஸ்ட்ரீட்’ தொடங்கியது. பேசின் தெரு என்பது நியூ ஆர்லியன்ஸில் ஜாஸ் வளர்ந்த கேளிக்கைப் பகுதியின் எல்லை. ஆபரா, சிம்பனி அறிவிப்பாளர்களின் கனத்த நடையிலேயே ப்ளூஸையும் ராக்டைமையும் அறிமுகப்படுத்துவதுதான் நிகழ்ச்சியின் உத்தி. மெட்ரோபாலிடன் ஆபரா ஒலிபரப்புகளின் குரலான மில்டன் கிராஸே இங்கும் வந்து பேசியிருக்கிறார். அறிவிப்பாளராக ‘டாக்டர்’ வேடம் போட்டவர்களில் ஜீன் ஹாமில்டனும் ஒருவர். வாசித்தவர்கள் ஹென்றி லெவினின் டிக்ஸிலேண்ட் குழு, பால் லவாலின் மரக்குழல் குழு. பாடியவர் டைனா ஷோர். பின்னால் லீனா ஹார்னும் இந்தக் குழுவுடன் பாடினார். கேலி முழுவதும் அறிவிப்பாளர் பக்கமே நின்றது, லெவினின் ஆட்கள் இசையை இசையாகவே வாசித்தார்கள். அதனால்தான் ஜாஸ் கலைஞர் சிட்னி பெஷேவும் ப்ளூஸ் இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹாண்டியும் அங்கே வந்து தலைநிமிர்ந்து நிற்க முடிந்தது. 1940 ஜூலை 14 அன்று ஜெல்லி ரோல் மார்ட்டன் வந்து பியானோ வாசித்தார். உலகம் தன்னை மறந்துவிட்டது என்ற ஆற்றாமையோடு இருந்த மனிதர். அடுத்த ஆண்டு ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்துபோனார். அந்த வாய்ப்பை அவருக்குத் தந்தது ஒரு வேடிக்கை நிகழ்ச்சி. கச்சேரி அரங்கங்கள் தரவில்லை.

ஆனால் இந்தத் துறையில் எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைப்பது ஆர்சன் வெல்ஸ் 1944இல் சி.பி.எஸ். வலைப்பின்னலில் நடத்திய ‘ஆல்மனாக்’. மோபில் எண்ணெய் நிறுவனத்தின் ஆதரவில் புதன்கிழமைதோறும் வந்த அரை மணி நேரம். நகைச்சுவை நிகழ்ச்சியாக அது சுமார்தான், வெல்ஸுக்கு அந்தக் கலை முழுசாகக் கைவரவில்லை. ஜாஸ் மீது அவருக்கு இருந்த பற்று வேறு தரத்தது. 1941லேயே ‘இட்ஸ் ஆல் ட்ரூ’ படத்தில் ஆம்ஸ்ட்ராங்கின் வாழ்க்கையைத் தழுவி ஒரு பகுதி எடுக்கத் திட்டமிட்டு, டியூக் எலிங்டனை வேலைக்கு அமர்த்தியவர் அவர். அந்தப் படம் முடியவில்லை.

உண்மையான நியூ ஆர்லியன்ஸ் குழு ஒன்று வேண்டும் என்று அவர் ஹாலிவுட்டின் ஜாஸ் மேன் இசைத்தட்டுக் கடையை நடத்திய மரிலி மோர்டனிடம் கேட்டார். மோர்டன் கூட்டிவந்த ஆட்களைப் பாருங்கள். டிராம்போனில் கிட் ஓரி: 1925இல் ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் பதிவுகளில் வாசித்தவர், பொருளாதார வீழ்ச்சியில் இசையை விட்டுக் கோழி வளர்த்தவர், பிறகு ரயில்வே அஞ்சல் நிலையத்தில் துப்புரவு வேலை பார்த்தவர். டிரம்பெட்டில் மட் கேரி: ரயிலில் புல்மன் பணியாளாக இருந்தவர். கிளாரினெட்டில் சிகாகோவின் ஏபெக்ஸ் கிளப்பைப் புகழ்பெறச் செய்த ஜிம்மி நூன். டிரம்ஸில் சட்டி சிங்கிள்டன். கிட்டாரில் பட் ஸ்காட், பாஸில் எட் கார்லண்ட், பியானோவில் பஸ்டர் வில்சன். மார்ச் 15 அன்று இவர்கள் வாசித்தார்கள். வரவேற்பைப் பார்த்து வாராவாரம் வாசிக்கச் சொல்லிவிட்டார் வெல்ஸ். வசனத்தில் வேடம் போட அவர்களைக் கூப்பிடவில்லை. பெயர்களைச் சொன்னார், இசையின் வரலாற்றைச் சொன்னார், ஒதுங்கிக்கொண்டார். ஆம்ஸ்ட்ராங்குக்கு 1937இல் மறுக்கப்பட்ட மரியாதை இதுதான்.

ஏப்ரல் 19, அதுவும் ஒரு புதன்கிழமை, ஜிம்மி நூன் மாரடைப்பில் இறந்தார். வயது 48. அன்றிரவு வெல்ஸ் அவருக்கு அஞ்சலி செலுத்திப் பேச, குழு அவர் நினைவாக ஒரு ப்ளூஸ் வாசித்தது. அதுவே பின்னர் ‘ப்ளூஸ் ஃபார் ஜிம்மி’ என்று ஓரியின் நிரந்தர உருப்படிகளில் ஒன்றாயிற்று. விளம்பரத்துக்கும் நகைச்சுவைக்கும் கட்டிய நேரத்துக்குள் இப்படி ஒரு துக்கம் கலப்படமில்லாமல் இடம்பெற்றதற்கு இன்னொரு எடுத்துக்காட்டை நான் கேட்டதில்லை.

விளைவுகள் உடனே தெரிந்தன. துருக்கித் தூதரின் மகனும் பின்னாளில் அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தின் தூண்களில் ஒருவருமான நெசுஹி எர்டெகுன், ஓரியின் குழுவைப் பதிவு செய்யவென்றே அதே ஆண்டு கிரெசண்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். துடைப்பத்தை வைத்துவிட்டு வந்த ஓரி அதன்பின் இருபது ஆண்டுக்கு மேல் இசையிலேயே வாழ்ந்தார். பழைய ஜாஸின் மறுமலர்ச்சிக்குச் சேகரிப்பாளர்களும் 1939இல் வந்த ‘ஜாஸ்மென்’ நூலும் வழி திறந்தது உண்மையே. ஆனால் அவை எட்டியது சில ஆயிரம் ஆர்வலர்களை. வானொலி அந்த இசையைச் சமையலறைக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது.

போருக்குப் பின் பிங் கிராஸ்பி தன் நிகழ்ச்சியை 1947 முதல் காந்த நாடாவில் பதிந்தார். ஆம்ஸ்ட்ராங், ஜாக் டீகார்டன், ஜோ வெனுட்டி எல்லோரும் அங்கே வந்து இயல்பாக வாசித்தார்கள். இனிய நிகழ்ச்சிகள். ஆனால் அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை அப்போது இல்லை.

இசைத்தட்டு நிறுவனங்கள் பிற்காலத்தில் இந்த ஒலிபரப்புகளிலிருந்து பாட்டை மட்டும் வெட்டியெடுத்து வெளியிட்டன. முன்னால் வந்த துணுக்கும் பின்னால் வந்த விளம்பரமும் போயின. நல்ல எண்ணத்தோடு செய்த வேலைதான். ஆனால் அப்படி வெட்டியபோது, அந்தக் கலைஞர்கள் எதற்கு நடுவே நின்று வாசித்தார்கள் என்ற செய்தியும் சேர்ந்து போய்விட்டது. இப்போது பல நிகழ்ச்சிகள் இணையக் காப்பகங்களில் முழுதாகவே கிடைக்கின்றன. ஜாஸ் கேட்க விரும்பும் வாசகர்கள் வெல்ஸின் 1944 வசந்தகால நிகழ்ச்சி ஒன்றிலிருந்து தொடங்கலாம். தயவுசெய்து அரை மணி நேரத்தையும் கேளுங்கள், இசை வரும் இடத்துக்குத் தாவிவிடாதீர்கள்.