சுவர்கள் கேட்ட கதை

துன்பத்தைச் சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்பர் பெரியோர். ஆனால் யாரிடம் சொல்வது? இவ்வெளிய வினாவைத் தன்னுள் பொதிந்து வைத்திருக்கும் தமிழ் நாட்டுப்புறக் கதை ஒன்றை இங்கே ஆராய விழைகிறோம். இருபத்திரண்டு மொழிகளின் வாய்மொழிக் கதைகளைத் தெரிந்தெடுத்து, ஏ. கே. இராமானுஜன் 1991இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'ஃபோக்டேல்ஸ் ஃப்ரம் இந்தியா' என்னும் தொகுப்பில் அக்கதை இடம் பெற்றுள்ளது. மிகச் சிறிய கதைதான்.

ஏழைக் கைம்பெண் ஒருத்தி. இரு மகன்கள், இரு மருமகள்கள். நால்வரும் நாள்தோறும் அவளை ஏசுகின்றனர். தன் துயரை எடுத்துச் சொல்ல அவளுக்கு ஒருவரும் இல்லை. சொல்லாத துயரெல்லாம் உள்ளேயே தங்கிவிட, அவள் உடல் பருத்துக்கொண்டே போகிறது. அதற்கும் ஏளனம் செய்கின்றனர். குறைவாகத் தின்னும்படி கூறுகின்றனர். ஒருநாள் மனம் வெதும்பி ஊருக்கு வெளியே நடக்கிறாள். கூரையற்ற பாழ்வீடு ஒன்று தென்படுகிறது. உள்ளே சென்று, மூத்த மகன் செய்த கொடுமைகளை எதிரிலிருந்த சுவரிடம் சொல்கிறாள். சொல்லி முடித்ததும் அச்சுவர் இடிந்து விழுகிறது. அவள் உடலும் சற்றே இலேசாகிறது. மூத்த மருமகளுக்கு இரண்டாம் சுவர், இளைய மகனுக்கு மூன்றாம் சுவர், அவன் மனைவிக்கு நான்காம் சுவர். நான்கும் வீழ்ந்தபின், இடிபாடுகளின் நடுவே உடலும் உள்ளமும் இலேசாகி நிற்கிறாள். பிறகு வீடு திரும்புகிறாள்.

இக்கதையில் அரசன் இல்லை. வரமளிக்கும் தெய்வம் இல்லை. கொடியோர் தண்டிக்கப்படுவதும் இல்லை. மனப்பாரம் என்று நாம் நாளும் வழங்கும் சொல்லைக் கதை அப்படியே உண்மையென எடுத்துக்கொள்கிறது. பாரம் என்றால் எடை. எடை என்றால் ஒரு சுவரைச் சாய்க்கக்கூடியது. 'சுவருக்கும் காது உண்டு' என்னும் பழமொழி நம்மை எச்சரிப்பதற்காகப் பிறந்தது. இக்கைம்பெண்ணுக்கோ சுவரின் காதே அடைக்கலமாகிறது. அந்தச் சுவர்களும் கூரையிழந்து, கைவிடப்பட்டு, அவளைப் போலவே தனித்து நின்றவை என்பதைக் கதை சொல்லாமற் சொல்கிறது.

மைசூரில் 1929இல் பிறந்த இராமானுஜனின் இல்லத்தில் மாடியில் தந்தையோடு ஆங்கிலமும், கீழே பெண்களிடையே தமிழும், தெருவில் கன்னடமும் வழங்கின. பிற்காலத்தில் கன்னட நாட்டுப்புறக் கதைகளை ஆராய்ந்தபோது, பாட்டியரும் அன்னையரும் வீட்டினுள் சொல்லும் கதைகளை அகம் என்றும், தொழில்முறைக் கலைஞர் பொதுவிடத்தில் நிகழ்த்துவனவற்றைப் புறம் என்றும் அவர் பகுத்தார். நம் கதை அகத்தைச் சார்ந்தது. ஆனால் அந்த அகத்தினுள்ளேயே இடமற்றுப் போனவளின் கதை அது.

சொன்னாள், நலமடைந்தாள் என்பதே இக்கதையின் பொருளென வாசிப்போர் பெரும்பாலும் கொள்வர். நாம் அவ்வளவில் அமைதி கொள்ள இயலவில்லை. அதே தொகுப்பிலுள்ள கன்னடக் கதையொன்றை இதனருகில் வைத்துப் பார்ப்போம். ஒரு கதையும் ஒரு பாட்டும் அறிந்த மனைவி ஒருத்தி, அவற்றை எவரிடமும் சொல்லாமலே வைத்திருக்கிறாள். அவள் உறங்கும்போது இரண்டும் வாய்வழியே தப்பி, கதை செருப்பாகவும் பாட்டு சட்டையாகவும் மாறுகின்றன. அவற்றைக் கண்ட கணவன் ஐயுற்று, சண்டையிட்டு, அனுமன் கோவிலுக்குப் படுக்கச் சென்றுவிடுகிறான். அணைக்கப்பட்ட விளக்குகளின் சுடர்கள் இரவில் அக்கோவிலில் கூடி ஊர்க்கதை பேசுவது வழக்கம். அவற்றின் பேச்சால் உண்மையறிந்து, விடிந்ததும் வீடு சென்று, அவள் கதையையும் பாட்டையும் பற்றிக் கேட்கிறான். அவளோ, என்ன கதை, என்ன பாட்டு என்கிறாள். இரண்டையும் அவள் மறந்துவிட்டாள்.

ஒருத்திக்குக் கேட்பார் இல்லை. மற்றவளுக்குக் கேட்பவன் வந்தபோது காலம் கடந்துவிட்டது. இரண்டு கதைகளும் நம்மிடம் கேட்பது கேட்கும் காதைத்தான். மேலைநாட்டு மருத்துவமும் இதனைக் கண்டதுண்டு. வியன்னா மருத்துவர் யோசெப் பிராயர் 1880 முதல் 1882 வரை ஓர் இளம்பெண்ணுக்குச் சிகிச்சை அளித்தார். மாலைதோறும் அவரிடம் கதைகள் சொல்லி அப்பெண் அமைதியுற்றாள். அதற்குப் பேச்சு மருத்துவம் என்று பெயரிட்டவளும் அவளே. மருத்துவர் ஊரில் இல்லாத நாள்களில் கதைகள் உள்ளே தேங்கி, நோய் மிகுந்தது. பிராயர் ஃபிராய்டுடன் சேர்ந்து 1895இல் வெளியிட்ட நூலில் இது பதிவாகியுள்ளது. அவள் முழுநலம் பெற்றாளா என்பதைப் பின்வந்தோர் ஐயுற்றனர். எனினும் அவளது கதைக்கு ஒரு காது வேண்டியிருந்தது என்பது தெளிவு.

நம் சிற்றூர்களில் கதை சொல்லத் தொடங்குபவர், 'உம்' கொட்டச் சொல்லிவிட்டே தொடங்குவார். 'உம்' நின்றால் கதையும் நின்றுவிடும். வில்லுப்பாட்டிலும் 'ஆமா' என்று பின்னிருந்து ஏற்பவர் இன்றிப் புலவர் மேலே செல்வதில்லை. சொல்பவரும் கேட்பவரும் சேர்ந்தே கதையைச் சுமக்கின்றனர் என்பதற்கு இச்சிற்றொலியே சான்று. இராமானுஜனின் மொழிபெயர்ப்பு சுருக்கமும் தெளிவும் மிக்கது. ஆயினும் அச்சுப் பக்கத்தில் நாம் இழப்பது இந்த 'உம்'மைத்தான். பாழ்வீட்டில் அக்கைம்பெண் இழந்ததும் அதுவே. சுவர் இடிந்து விழும், 'உம்' கொட்டாது.

இக்கதையை மூதாட்டி ஒருவருக்கு நாம் வாய்மொழியாகச் சொல்லிக் காட்டினோம். சுவர்கள் விழுந்தபோது அவர் முகம் மலர்ந்தது. கதை முடிந்ததும் சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "வீட்டுக்குத்தானே போனா? போயி?" என்று கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை. அந்த இரு கேள்விகளைவிடச் சிறந்த திறனாய்வை இக்கதைக்கு நாம் எழுதிவிட முடியாது. வீட்டில் அதே நால்வர் இருக்கின்றனர். நாளை மீண்டும் பாரம் ஏறும். ஊருக்கு வெளியே இன்னும் எத்தனை பாழ்வீடுகள் மீதமிருக்கின்றன?

பிறகு அந்த மூதாட்டி தம் கதையைச் சொல்லத் தொடங்கினார். மாலை மயங்கும்வரை நாம் 'உம்' கொட்டிக்கொண்டிருந்தோம். எழுந்தபோது, மனம் இலேசாயிற்று என்றார். எந்தச் சுவரும் விழவில்லை. அவர் பாரத்தில் சிறுபகுதி நம்மீது ஏறியிருந்தது. அதைச் சுமந்துகொண்டே வீடு திரும்பினோம்.